கார்பன் ஸ்டீல் கத்தியும் சிக்கிமுக்கிக் கல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நடக்கும் இளைஞர் முகாம்களில் தீ மூட்டும் பாடம் என் பொறுப்பு. பிள்ளைகள், பெற்றோர், தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன்மார் என்று யார் கேட்டாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகத்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் பதில் தட்டி முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன்.

ஷாப்பி இணையக் கடையில் ‘ஃபிளின்ட்’ (சிக்கிமுக்கிக் கல்) என்று வாங்கினேன். ஒரு கறுப்புக் கம்பிதான் வந்தது. கல் எங்கே?

கல் வராது. அந்தப் பெயரில் இன்று விற்பதில் பெரும்பாலானவை ஃபெரோசீரியம் கம்பிதான். சீரியம் முதலான உலோகங்களை இரும்போடு கலந்து செய்வது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் கண்டுபிடித்தார். லைட்டருக்குள் இருக்கும் குட்டிக் ‘கல்’லும் இதுதான். அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கில் ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, அதற்கடியில் இருந்ததும் இதே சரக்கு.

இதையும் சிக்கிமுக்கிக் கல்லையும் குழப்பிக்கொண்டால் மேலே எதுவும் விளங்காது. கம்பியைச் சுரண்டும்போது எரிவது கம்பி. கத்தி வெறும் சுரண்டி. கல்லில் அடிக்கும்போது எரிவது கத்தி. கல் வெறும் சுரண்டி. ஆகவே கம்பிக்கு எந்தக் கத்தியும் சரி, முதுகு கூரான விளிம்போடு இருந்தால் போதும். உடைந்த கண்ணாடித் துண்டுகூட வேலை செய்யும். கல்லுக்குத்தான் கார்பன் ஸ்டீல் கட்டாயம்.

இன்னொன்று: புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும்வரை பொறி வராது. “கம்பி ஓட்டை, காசு போச்சு” என்று ஒரு நட்சத்திரம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

பொறி கல்லிலிருந்துதானே வருகிறது?

இல்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் சிக்கிமுக்கிக் கல் கிட்டத்தட்ட 7. பதம் ஏற்றிய எஃகைவிடவும் கடினம். கூரான கல் விளிம்பு உரசும்போது எஃகிலிருந்து மிக மெல்லிய துகளைச் சீவி எடுக்கிறது. சீவிய வேகத்திலேயே துகள் சூடேறுகிறது. அதன் புது மேற்பரப்பில் இன்னும் துரு இல்லை, காற்று பட்டதும் எரிகிறது. இரும்பு கட்டியாக இருந்தால் மெல்லத் துருப்பிடிக்கும். தூசியாக இருந்தால் ஒரே நொடியில் எரிந்து முடிந்துவிடும். நடக்கிற வேதிவினை ஒன்றுதான், வேகம்தான் வேறு.

அப்படியானால் எந்தக் கத்தியாக இருந்தாலும் சரிதானே, எல்லாம் இரும்புதானே?

எஃகில் கார்பன் கூடக்கூட அதற்குக் கடினமாகப் பதம் ஏற்ற முடியும், பொறியும் நன்றாகத் தெறிக்கும். கார்பன் 0.6 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நான் அதை நம்புவதில்லை. ஸ்டெயின்லெஸ் எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம். துருவைத் தடுக்கிற அதே குரோமியம் துகள் எரிவதையும் தடுத்துவிடுகிறது.

கத்தி எந்த வகை என்று காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் கத்திகளில் பெரும்பாலானவையும் காந்தத்தில் ஒட்டும். புளிக்கரைசல் ஒரு சொட்டு, இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு, தகட்டில் விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடையுங்கள். சாம்பல் நிறக் கறை விழுந்தால் கார்பன். பாட்டி வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுத்துக் கிடக்குமே, அதுவும் இந்த வகை இரும்புதான்.

கடையில் வாங்குவதென்றால் ஓபினல் நிறுவனத்தின் கார்பன் மடக்குக் கத்தியைத்தான் முதலில் சொல்வேன். கார்பன் சுமார் 0.9 விழுக்காடு, விலையும் அதிகமில்லை. மடக்கிப் பூட்டினால் வெட்டுவாய் மரப்பிடிக்குள் போய்விடும், முதுகு மட்டும் வெளியே நிற்கும். அப்படியே கல்லில் அடிக்கலாம், விரல் வெட்டுப்படும் பயம் குறைவு. மோரா நிறுவனத்தின் சாதாரண கார்பன் கத்தி விறகு சீவ அருமையானது. முதுகு மழுங்கலாக இருப்பதால் கம்பி சுரண்ட அது உதவாது. அரம் வைத்து முதுகைச் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுப் பாராங் (வெட்டுக்கத்தி) லோரி ஸ்பிரிங்கில் அடித்தது. நல்ல இரும்பு. ஆனால் பொறி வரவில்லையே?

லோரிப் பட்டை ஸ்பிரிங்கில் கார்பன் சுமார் 0.6 விழுக்காடு இருக்கும். இரும்பில் குறையில்லை. பதம்தான் காரணம். கொல்லர் வெட்டுவாயை மட்டும் சூடாக்கி நனைத்துக் கடினமாக்கியிருப்பார். முதுகையும் கடினமாக்கினால் பாராங் கட்டையில் பட்டு முறியும், அதனால் அதை மென்மையாகவே விட்டுவிடுவார். நல்ல கொல்லரின் வேலை அது. மென்மையான முதுகைக் கல் சீவாது, நசுக்கும்.

சோதிப்பது சுலபம். ஓர் அரத்தை எடுத்து முதுகில் லேசாக ஓட்டுங்கள். அரம் கடித்துத் தூள் வந்தால் முதுகு மென்மை, பொறி எதிர்பார்க்காதீர்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினம், பொறி வரும்.

அதற்காக வெட்டுவாயைக் கல்லில் அடித்துவிடாதீர்கள். பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். பாராங்கை மரம் வெட்ட வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன அரத்திலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை உடைத்து விளிம்பைச் சாணை பிடித்துக்கொள்ளுங்கள். பழைய அரத்தில் கார்பன் 1 விழுக்காடு அளவுக்கு இருக்கும், முழுக்கக் கடினமானது. கத்தியைவிட அது நன்றாகப் பொறி கக்கும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

பால் வெட்டும் கத்தியில் செய்யலாமா?

வேண்டாம். பட்டையை மெல்லியதாகச் சீவத் தீட்டி வைத்த வாய் அது. இன்னும் ரப்பர் இருக்கிற தோட்டங்களில் அந்தக் கத்தி ஒருவருடைய நாள் கூலி. அதை விளையாட்டுக்குக் கேட்காதீர்கள்.

சிக்கிமுக்கிக் கல் நம் ஊரில் எங்கே கிடைக்கும்?

ஐரோப்பாவில் சுண்ணாம்புப் பாறைக்குள் கிடைக்கும் அசல் கல்லை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதற்கு நெருங்கிய சொந்தமான செர்ட் என்னும் கல், வட பேராக்கிலும் கெடாவிலும் உள்ள செமாங்கோல் பாறை அடுக்கில் இருக்கிறது. நமக்குச் சுலபமாகக் கிடைப்பது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். மலைத்தொடரில் கருங்கல்லுக்கு நடுவே வெள்ளை நரம்பாக ஓடுவதும், ஆற்றில் உருண்டு வெள்ளைக் கூழாங்கல்லாகக் கிடப்பதும் அதுதான். இதற்கும் கடினம் 7. நொறுங்கும் குணம் அதிகம், அதனால் விளிம்பு சீக்கிரம் போகும், பொறியும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆனால் வேலை நடக்கும்.

ஆற்றுக் கல்லை அப்படியே அடித்தால் ஒன்றும் வராது, உருண்டையாக இருக்கிறதே. உடைத்துக் கூர் விளிம்பு எடுக்க வேண்டும். சாக்குத் துணியில் சுற்றி, பெரிய கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே கூடாது, சில்லு கண்ணாடித் துண்டைப் போல வெட்டும். தூசியை மூச்சில் இழுக்காதீர்கள்.

சாலையோரம் நிற்கும் வெள்ளை மலைகளின் கல்லைப் பொறுக்கி வந்து “பொறி வரலையே அண்ணே” என்று கேட்பவர்கள் எல்லா முகாமிலும் உண்டு. அது சுண்ணாம்புக்கல். கடினம் 3. எஃகுதான் அதைச் சீவும்.

எப்படி அடிக்க வேண்டும்?

கருக்கிய துணியை (அடுத்த பதிலில் வருகிறது) கல்லின்மேல் வைத்து, அதன் ஓரம் கல் விளிம்போடு சரியாகச் சேரும்படி இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். மடக்கிய கத்தியின் முதுகை, கல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் மேலிருந்து கீழே வீசுங்கள். மோதக் கூடாது, சீவிக்கொண்டு போக வேண்டும். மணிக்கட்டுத் தளர்வாக இருக்கட்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் பலத்தைத்தான் கூட்டுகிறார்கள். பலத்தைக் கூட்டினால் கல்தான் உடையும்.

மடங்காத கத்தி என்றால் அதை வீசாதீர்கள். நுனியை ஒரு கட்டையில் குத்தி நிறுத்தி, வெட்டுவாய் எதிர்ப்பக்கம் பார்க்க, கல்லை முதுகின் மேல் கீழ்நோக்கி ஓட்டுங்கள். பொறி, அடியில் கருக்கிய துணியோடு வைத்த டின்னுக்குள் விழும். கத்தி அசைவதே இல்லை.

பொறி நிறைய வருகிறது, ஆனால் எதுவும் பற்றவில்லை. என்ன தப்பு?

வருகிற கேள்விகளில் பாதி இதுதான். கத்தியையும் கல்லையும் மாற்றி மாற்றி வாங்குகிறார்கள். கோளாறு அங்கே இல்லை, பொறி விழுகிற இடத்தில் இருக்கிறது.

ஃபெரோசீரியம் பொறியின் சூடு 3,000 டிகிரி செல்சியசை நெருங்கும். உலர்ந்த பஞ்சில் விழுந்தால் நேராகச் சுடர் எழும். எஃகுப் பொறிக்கு அந்த வலு இல்லை. சின்னது, சீக்கிரம் அணைகிறது. காகிதம், பஞ்சு, காய்ந்த புல் எதையும் அது நேராகப் பற்றவைக்காது. ஏற்கெனவே பாதி எரிந்து கரியான பொருளில் மட்டும்தான் கங்காகப் பிடிக்கும். அதற்குத்தான் கருக்கிய துணி.

நம் ஊர் வேறு. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும், விடியற்காலையில் அதற்கும் மேல். பனிக் காட்டில் எடுத்த யூடியூப் வீடியோவில் ஒருவர் காய்ந்த பட்டையை உரித்து உடனே தீ மூட்டுவார். அதைப் பார்த்து, சுங்கை சிப்புட் அருகே லாசா பக்கம் ஆற்றோரத்தில் அப்படியே செய்தால் புகை மட்டும்தான் வரும். இங்கே பொறி பிடிக்கும் பொருளை வீட்டிலேயே தயார் செய்து, டின்னில் அடைத்து எடுத்துப் போக வேண்டும்.

கருக்கிய துணி செய்வது எப்படி?

100 விழுக்காடு பருத்தி வேண்டும். கிழிந்த வேட்டி, பழைய பனியன், ஜீன்ஸ் கால். பாலியெஸ்டர் கலந்த பள்ளிச் சட்டை உருகிப் போகும், ஆகாது. தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, மூடி இறுக்கமான காலி ஷூ பாலிஷ் டின்னில் தளர்வாக அடுக்குங்கள். பாலிஷ் மிச்சத்தை முதலில் நன்றாக எரித்து எடுத்துவிட வேண்டும். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை.

கரி அடுப்பில் வையுங்கள், வீட்டுக்கு வெளியே. துளையிலிருந்து வெள்ளைப் புகை பீய்ச்சும், சில சமயம் அந்தப் புகையே தீப்பிடித்துச் சின்னச் சுடராக நிற்கும். பயப்பட வேண்டாம். புகை நின்றதும் டின்னை இறக்கி, துளையில் ஒரு குச்சியைச் செருகி மூடிவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மொத்தத் துணியும் கங்காகிச் சாம்பலாகிவிடும்.

துணி எடுத்துப் பார்க்கும்போது ஒரே சீரான கறுப்பாக, தொட்டால் பட்டுப் போல, இழுத்தால் லேசாகக் கிழிவதாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை, திரும்ப வையுங்கள். தொட்டதும் தூளானால் அதிகம் வெந்துவிட்டது. நல்ல துணியில் பொறி ஒன்று விழட்டும், ஊசிமுனைச் சிவப்புப் புள்ளி தெரியும். அது அணையாது, வட்டமாக விரிந்துகொண்டே போகும். காற்று அடித்தால் இன்னும் வேகமாக விரியும். இதைப் பார்த்த பிறகு பிள்ளைகள் ஃபெரோசீரியம் கம்பியைத் தொடுவதில்லை.

மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைக் கூடவே போட்டு, டின்னைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் ஈரம் ஏறிவிடும்.

கங்கு கிடைத்துவிட்டது. அதைச் சுடராக்க என்ன வைப்பது?

தேங்காய் நார் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. நார் நன்றாகப் புகைந்து கங்கைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சுடர்விடச் சோம்பும். நாரைக் கசக்கிப் பிரித்துக் குருவிக்கூடு போலச் செய்து, நடுவில் காய்ந்த மூங்கிலின் வெளித்தோலைக் கத்தி முதுகால் சுரண்டிய மெல்லிய சுருளை வையுங்கள். அதன்மேல் கங்குத் துணி. கூட்டை மூடி, முகத்துக்கு மேலே தூக்கி, கீழிருந்து நீளமாக ஊதுங்கள். புகை கண்ணுக்கு வராது. புகை மஞ்சளாகத் தடித்தால் சுடர் வரப்போகிறது, கீழே வைத்துவிடுங்கள்.

சாமி அறையில் இருக்கும் கற்பூரம் ஒரு வில்லையைச் சுடர் வந்ததும் போடுங்கள். ஈரச் சுள்ளியையும் அது பிடிக்க வைக்கும். சைக்கிள் டியூப் துண்டும் அப்படித்தான். மழையிலும் எரியும், ஆனால் அந்தப் புகையில் எதையும் சுட்டுச் சாப்பிடாதீர்கள். ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலான ஒட்டுப்பாலுக்கும் இதே விதி.

மருந்து அடித்துக் காய்ந்த லாலாங் புல்லை மட்டும் எடுக்காதீர்கள். தோட்ட ஓரத்தில் மஞ்சளாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும், ஆசையாக இருக்கும். களைக்கொல்லி பட்ட புல்லின் புகை நெஞ்சுக்குள் போக வேண்டாம்.

துணியே இல்லாமல் காட்டுப் பொருளை வைத்துச் செய்ய முடியாதா?

முடியும். மலாய் கிராமங்களில் ‘ராபோக்’ என்று ஒன்று உண்டு. காபோங் போன்ற பனை வகைகளின் மட்டையடியில் படிந்திருக்கும் மெல்லிய பஞ்சைச் சுரண்டி எடுப்பது. ‘கோபேக் அப்பி’ என்ற கருவியில் அதைத்தான் வைப்பார்கள். ஒரு குழாயில் உலக்கை போன்ற தண்டை ஒரே குத்தாகக் குத்தினால் உள்ளே அழுந்திய காற்று சூடேறிப் பஞ்சு கங்காகும். கல்லும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். தென்கிழக்காசியாவின் கெட்டிக்காரத்தனம் அது, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நன்றாகக் காய்ந்த ராபோக் எஃகுப் பொறியையும் பிடிக்கும். லேசாகக் கருக்கி வைத்தால் இன்னும் நிச்சயம்.

இலவம்பஞ்சு ஃபெரோசீரியம் பொறியில் ‘புஸ்’ஸென்று எரிந்து மறைந்துவிடும். எஃகுப் பொறிக்கு அதையும் கருக்கித்தான் வைக்க வேண்டும்.

மழை விட்ட பிறகு எந்த விறகு?

தரையில் கிடப்பதைத் தொடாதீர்கள். மரத்தில் சிக்கி நிற்கும் காய்ந்த கிளை, நின்றபடி காய்ந்த மூங்கில். கட்டையைப் பிளந்தால் உள்பக்கம் உலர்ந்திருக்கும், அதைச் சீவுங்கள். ரப்பர் விறகு நல்ல விறகு. செம்பனை மரத்தண்டு வேண்டவே வேண்டாம், உள்ளே அத்தனையும் தண்ணீர். பழைய ரப்பர் மரத்தடியில் கொட்டை கிடந்தால் பொறுக்கிக்கொள்ளுங்கள், பருப்பில் எண்ணெய் அதிகம், எரியும். சிமெண்டில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைத்த தலைமுறைக்கு அந்தக் கொட்டையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கத்தி ஒரே இரவில் துருப்பிடித்துவிட்டது.

கார்பன் ஸ்டீல் அப்படித்தான். கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். தோல் உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாங்காய், எலுமிச்சை வெட்ட வெட்டத் தகட்டில் சாம்பல் நிறம் ஏறும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், செந்துரு வராமல் ஓரளவு காக்கும். கல்லில் அடிக்கும் முதுகுப் பகுதி மட்டும் சுத்தமாக இருக்கட்டும். எண்ணெயும் துருவும் இருந்தால் பொறி குறையும்.

கத்தியோடு போனால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கலாம். 1958-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஒன்று இருக்கிறது, அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் சட்டம். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் அதன் 6-ஆவது பிரிவின்கீழ் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர் பாராங் வைத்திருப்பது வேறு, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது வேறு. முகாமுக்குப் போகும்போது கத்தியை உறையில் போட்டு, முகாம் சாமான்களோடு பைக்குள் அடியில் வையுங்கள். திரும்பும் வழியில் மோட்டாரை நிறுத்தித் தே தாரிக் குடிக்க இறங்கினாலும் அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தீ மூட்ட அனுமதி வேண்டுமா?

திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவில் குற்றம். சமையல் தீ போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. குப்பையும் ஓலையும் எரிப்பது அதில் சேராது. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் கெடுபிடி கூடும், அப்போது முகாமில் கேஸ் அடுப்புதான். காப்புக்காட்டுக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். தோட்ட நிலம் என்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள், கேட்காமல் செம்பனைக்கு நடுவே தீ மூட்டாதீர்கள்.

என் பையனுக்குப் பத்து வயது. பழக்கலாமா?

ஃபெரோசீரியம் கம்பியும், கத்திக்குப் பதில் சதுர விளிம்புள்ள இரும்புத் துண்டும் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். கத்தி பிறகு வரட்டும். நைலான் சட்டை வேண்டாம்.

லைட்டர் இரண்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு?

லைட்டரும் எடுத்துப் போங்கள். என் பையிலும் இருக்கிறது. ஆற்றில் விழுந்து நனைந்த லைட்டர் காயும்வரை காத்திருக்க வேண்டும், எரிவாயு தீர்ந்தால் அதோடு சரி. கல்லும் இரும்பும் நனைந்தாலும் துடைத்துவிட்டு அடிக்கலாம். உண்மையில் லைட்டர் வைத்திருப்பவருக்கும் பற்றவைக்கும் பொருள் தயாராக இல்லையென்றால் மழை நாளில் இதே கதிதான்.

அணைப்பது எப்படி? மண் போட்டு மூடினால் போதுமா?

போதாது. மண்ணுக்கடியில் கங்கு வெகுநேரம் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பாருங்கள். தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கம் கரையோரத்தில் கம்புட் மண் இருக்கும் இடங்கள் உண்டு, மட்கிய மரமும் வேரும் சேர்ந்த கறுப்பு மண். அங்கே தரையில் தீயே மூட்டாதீர்கள். மண்ணே எரியும், அடியில் ஊர்ந்து வேறோர் இடத்தில் கிளம்பும், தீயணைப்பு வண்டி வந்தாலும் நாள் கணக்கில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்து முகாம் என்றால் கால் வைத்த இரும்புத் தட்டில் மூட்டுங்கள், சாம்பலைத் தண்ணீர் வாளியில் கொட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.